முதலாளிக்கு ஒரு பெட்டி

மார்ச் 4, செவ்வாய்.
பலகையின் தடிமனைக் கழிக்க மறந்துவிட்டேன். கண்ணாடி உள்ளே போகவில்லை. வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தவறு என்னுடையது.

இதை எழுதி முடித்து, கடைசி வரியின் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடும் இழுத்தாள் அவள். தவறு செய்தாலும் கோணலாகச் செய்யக் கூடாது என்பது அவள் கட்சி. பகலில் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசை, மாலையில் கட்டடப் படம் வரையும் வகுப்பு. வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்றே பெயர். அந்தப் பெட்டியை மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று மூன்று விதமாக வரைந்து, ஆசிரியரிடம் பாராட்டும் வாங்கியிருந்தாள். காகிதத்தில் ஒரு கோடு என்பது வெறும் கோடுதான். அதற்குப் பருமன் கிடையாது. நிஜப் பலகைக்கு இருந்தது. வினை அங்கேதான்.

மறுநாள் மதிய இடைவேளையில் இரண்டு கண்ணாடிகளையும் பழைய போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் கடைக்குப் போனாள்.

"இந்த அளவு நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா?" என்றார் கண்ணாடிக்காரர், சீட்டைத் தேடி எடுத்து நீட்டியபடி.

"ஆமாண்ணே. வெளி அளவைக் குடுத்துட்டேன்."

"நல்லவேளை, பெருசாப் போச்சு. சின்னதாப் போயிருந்தா சோறு போட்டா வளக்க முடியும்? எதுக்கு, மீன் தொட்டியா?"

"இல்லண்ணே. பல்லிக்கு."

அவர் வெட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "பல்லிக்கா? எங்க வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால நாலு குடியிருக்கு. இதுவரைக்கும் ஒண்ணுகூட எங்கிட்ட கண்ணாடிக் கதவு கேட்டதில்லையேம்மா!"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மதிய இடைவேளை போதாது.

விஷயம் இதுதான். ஒரு நாள் காலை மருத்துவமனைப் படியில் யாரோ ஒரு செருப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு பல்லி. சுவரில் ஓடும் ஜாதியல்ல. தரையில் வாழ்வது, உடம்பெல்லாம் சிறுத்தைபோல் புள்ளி, விரல் பருமனுக்கு வால். பருமனாக இருந்திருக்க வேண்டிய வால் அன்றைக்குக் காய்ந்த அவரைக்காய்போல் இருந்தது. டாக்டரம்மா சூடு கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உணவு புகட்டிப் பிழைக்க வைத்தார். பிழைத்ததும் அது ஒரு வேலையும் செய்யாமல், கன்னத்தைக் கல்லில் வைத்துப் படுத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் அரைக்கண்ணால் பார்க்கத் தொடங்கியது. 'முதலாளி' என்று பெயர் விழுந்துவிட்டது.

காலையில் அவள் வந்து மேசை விளக்கைப் போட்டால் முதலாளி தலையைத் தூக்கும். வேறு யார் போட்டாலும் தூக்காது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று நாட்குறிப்பில் மட்டும் எழுதியிருந்தாள்.

முதலாளியைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டு வந்தவர் ஒருவர் உண்டு. மருத்துவமனையில் அவரைச் 'சர்க்கஸ் அண்ணன்' என்பார்கள். பிறந்தநாள் வீடுகளுக்குப் பாம்பு, ஆமை, உடும்பு என்று கொண்டுபோய்ப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடுவது அவர் தொழில். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய உடும்பு மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் அதன் கண்ணில் இருக்கும் அலுப்பை அவள் பார்த்திருக்கிறாள்.

"நான் எடுத்துக்கறேன் டாக்டர்" என்று அவள் சொன்னபோது தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீ இதுவரைக்கும் என்ன வளத்திருக்கே?"

"ஒண்ணும் வளத்ததில்ல."

"கடையில பெட்டி என்ன விலை தெரியுமா?"

"தெரியும். அதான் நானே செய்யலாம்னு."

"செய். வெறும் பெட்டியா மூணு ராத்திரி தொடர்ந்து ஓட்டிக் காட்டு. சூடான பக்கத்துத் தரை முப்பதுக்குக் கீழ இறங்கக் கூடாது, முப்பத்துமூணுக்கு மேல ஏறக் கூடாது. இது இன்னும் நோஞ்சான்; ராத்திரி குளிர்ந்தா சாப்பிட்டது செரிக்காது. பதினஞ்சாம் தேதி சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா அந்த அண்ணன் கூட்டிட்டுப் போகட்டும்."

ஆக, கண்ணாடி இளைத்து வந்தது. குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் யாரோ கைவிட்டுப் போயிருந்த புத்தக அலமாரியைப் படுக்கவைத்து, முன்பக்கம் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் சட்டம் ஒட்டி, கண்ணாடிகளை அதில் ஓடவிட்டாள். மூலைகளில் சிலிக்கான் பசை இழுத்தாள். முதல் மூலை சளி பிடித்தவன் மூக்குபோல் வழிந்தது. நான்காவது மூலை பரவாயில்லை. காற்றுக்குப் பின்பலகையில் துளைகள். அடிப்பலகை தடிமன் என்பதால் கீழே ஒட்டினால் சூடு மேலே வராது என்று படித்து, மின்சாரத்தில் சூடேறும் ஹீட்டிங் பேடை உள்ளே வைத்து, அதன்மேல் குளியலறை வேலையில் மிஞ்சிய டைல்ஸ் ஒன்றைப் படுக்கவைத்தாள். சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு மலிவான தெர்மோஸ்டாட். அதன் டயலில் எண்கூடக் கிடையாது. முப்பத்திரண்டில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

அப்பாகூடத் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார். அவர் விளக்குக் கடையில் வேலை. கடை சாத்துவது அவர் பொறுப்பு. ஷோரூமில் தொங்குவது, நிற்பது, மேசைமேல் உட்கார்ந்திருப்பது என்று எரியும் அத்தனை விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவர். கடைப் பையன்கள் அவரைக் 'கும்மிருட்டு' என்பார்கள். விளிம்பு உடைந்த பீங்கான் விளக்குமூடி ஒன்றை நீட்டி, "உங்க முதலாளி உள்ள பூந்து படுக்கட்டும்" என்றார்.

"அப்பா, இதோட சுவிட்ச மட்டும் அணைச்சிடாதீங்க."

"சரிடா பாப்பா. நான் எதுக்குத் தொடப் போறேன்?"

பெட்டி கூடத்து மூலையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்தது. வேறு எங்கும் காலி ப்ளக் இல்லை. அங்கேயும் இரண்டு ப்ளக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்.

ஞாயிறு இரவு முதல் சோதனை. அவள் வெப்பமானியின் பழைய கணக்கை அழித்துவிட்டுப் படுத்தாள். இனி ஒவ்வொரு இரவும் அப்படித்தான். அது அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ரகம். காலையில் எழுந்து பார்த்தாள். இப்போது: முப்பத்தொன்று. நல்லது. குறைந்தபட்சம்: இருபத்தொன்று.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருபத்தொன்றுதான்.

'விடிகாலைக் குளிர் உள்ளே புகுகிறது' என்று எழுதினாள். 'துளைகள் அதிகம். தவறு என்னுடையது.' அன்று பாதித் துளைகளை அடைத்தாள்.

செவ்வாய்க் காலை: இருபத்தொன்று.

கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி என்று அதற்கு ரப்பர் பட்டை ஒட்டினாள். புதன் காலை: இருபது. ரப்பர் ஒட்டிய பிறகு ஒன்று குறைந்திருந்தது! அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வகுப்பில் ஆசிரியர் படிக்கட்டு வரையச் சொன்னார். அவள் கை தானாகப் பெட்டியின் குறுக்குவெட்டை வரைந்தது. எங்கே போகிறது அந்தச் சூடு? பெட்டிக்கு எங்கேயோ ஓட்டை. அல்லது எனக்கு மூளையில் ஓட்டை. கொடுத்த காசுக்கு இரண்டு மலிவுச் சாமான்கள், ஒரு குப்பை அலமாரி, ஒன்றும் தெரியாத ஒருத்தி. இதில் ஓர் உயிரைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறோமே!

புதன் மாலை தெர்மாகோல் வாங்கிவந்து பெட்டியின் முதுகு, தலை, இரண்டு விலா எல்லாவற்றிலும் பசை தடவி ஒட்டினாள். வீடெங்கும் வெள்ளைப் பொடி.

"இது பல்லிக்கா, ஐஸ் வியாபாரத்துக்கா?" என்றாள் அம்மா, முந்தானையால் பொடியைத் தட்டிக்கொண்டே. அம்மா பேருந்து நடத்துனர். முதல் பேருந்து அவளுடையது.

"சூடு நிக்க மாட்டேங்குதும்மா."

"எனக்கும்தான் ராத்திரி கால் சில்லுனு இருக்கு. எனக்கு ஒருத்தரும் தெர்மாகோல் ஒட்டல."

வியாழன் காலை: இருபத்திரண்டு.

அவள் பெட்டியின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று இரவுகள் தொடர்ந்து வேண்டும். சனிக்கு இன்னும் இரண்டே இரவு. கணக்கு ஏற்கெனவே தோற்றுவிட்டது. அன்று மருத்துவமனையில் முதலாளி அவள் விளக்கைப் போட்டதும் தலையைத் தூக்கியது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. மதியம் சர்க்கஸ் அண்ணன் தொலைபேசியில், "சனிக்கிழமை வந்துடட்டுமாம்மா? ஞாயித்துக்கிழமை ஒரு பர்த்டே இருக்கு" என்றார்.

"டாக்டரக் கேட்டுச் சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டாள்.

அன்றிரவு படுக்கப் போகும்முன் கடைசி ஆயுதமாக டயலைப் பென்சில் கோட்டைத் தாண்டி நன்றாகத் திருப்பினாள். பேடுக்குத்தான் பலம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் தாங்கும்.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தூக்கம் சீக்கிரமே கலைந்துவிட்டது. வழக்கமாக அவள் எழும்போது அம்மா முதல் பேருந்தில் பாதி ஊரைத் தாண்டியிருப்பாள். இன்று கூடத்தில் விளக்கு எரிந்தது. அம்மா சீருடைச் சட்டையை மேசையில் விரித்து, இஸ்திரிப் பெட்டி சூடேறக் காத்திருந்தாள்.

"என்னடி, மழை வரப்போகுதா? இந்நேரத்துக்கு எழுந்து நிக்கறே?"

அவள் கண்ணாடியைத் தள்ளி டைல்ஸைத் தொட்டுப் பார்த்தாள். குளியலறைத் தரை மாதிரி இருந்தது. குளிர்ந்துகொண்டிருக்கும் சூடுகூட இல்லை. எப்போதோ செத்துப்போன சூடு. ஆனால் தெர்மோஸ்டாட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா. நீ வரும்போது இந்தச் சுவிட்ச் ஆன்ல இருந்துச்சா?"

"நல்லா கேட்டே போ! காலைல இந்த வீட்டுல எந்தச் சுவிட்ச் ஆன்ல இருந்திருக்கு? நான்தானே தெனமும் போடறேன். இஸ்திரி போட வேணாமா?"

"தெனமுமா?"

"உங்கப்பாதான் ராத்திரி வந்ததும் பூட்டிக்கிட்டே ஊர்வலம் போவாரே. சமையக்கட்டு, கூடம், தாழ்வாரம்னு எல்லாத்தையும் டக்கு டக்குனு."

அப்பா வேலை முடிந்து வரும் நேரத்தில் அவள் தூங்கியிருப்பாள். அம்மா எழும் நேரத்திலும் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஐந்து இரவும் பெட்டி தானாகக் குளிரவில்லை, பெட்டியை அணைத்திருக்கிறார்கள். அணைத்தவருக்கும் தெரியாது, போட்டவளுக்கும் தெரியாது. நடுவில் ஒருத்தி துளையை அடைத்துக்கொண்டு, ரப்பர் ஒட்டிக்கொண்டு, தினமும் 'தவறு என்னுடையது' என்று கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் நேரே போய் அப்பாவின் போர்வையை இழுத்தாள்.

"அப்பா! சுவிட்ச அணைச்சீங்களா?"

"என்ன... எந்தச் சுவிட்ச்?" அப்பா கண் திறக்காமலே பேசினார்.

"முதலாளியோட சுவிட்ச்! தெனமும் அணைச்சிருக்கீங்க!"

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நானா? சத்தியமாத் தொடலம்மா. நீ சொன்னதுக்கப்புறம் அந்தப் பக்கமே பாக்கறதில்லையே."

"பாக்கத்தான் மாட்டாரு" என்றாள் அம்மா கூடத்திலிருந்து. "அது அவரு பண்றதில்லடி. அவரு கை பண்றது. கல்யாணமான புதுசுல நான் படிச்சிட்டிருக்கறப்பவே லைட்ட அணைச்சிட்டுப் போவாரு. கேட்டா, 'நானா?'ம்பாரு. இதே மூஞ்சிதான்."

அப்பா தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். அடுத்தவர் பிள்ளை செய்த குறும்புக்குத் தாம் பதில் சொல்ல நேர்ந்தவர்போல் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் அஞ்சு நாளா என்னையே திட்டிக்கிட்டிருக்கேம்பா! பெட்டி மொத நாள்ளயே சரியா இருந்திருக்கு. சரியா இருந்த பெட்டிய நான்தான் பிச்சுப் பிச்சு ஒட்டிக்கிட்டிருக்கேன். நாளைக்கு அது போயிடும். பர்த்டேல இருபது பசங்க வாலப் பிடிச்சு இழுப்பாங்க."

"இன்னிக்கு ராத்திரி இருக்குல்லடா..."

"ஒரு ராத்திரி! மூணு கேட்டாங்க!"

அவள் இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மாகூடச் சட்டையைப் பாதி இஸ்திரியோடு மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை வகுப்புக்குக்கூடப் போகாமல், பகலில் அணைத்து வைத்திருந்த சுவிட்சைப் போட்டு, அதன்மேல் ஒட்டு நாடாவை அகலமாக ஒட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஆணி அடித்த மாதிரி. சூடு முப்பத்தொன்றைத் தொட்டதும் வெப்பமானியின் கணக்கை அழித்துவிட்டு, தன் தவறில்லை என்று தெரிந்த தெம்பில், நெடுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

சனிக்கிழமை காலை அப்பா அவளுக்கு முன்பே எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, என் கை போச்சும்மா" என்றார், ஏதோ பேயைப் பார்த்தவர்போல. "நேத்து ராத்திரி உங்கம்மாகிட்ட பஸ் ஸ்ட்ரைக் பத்திப் பேசிக்கிட்டே வரேன். கை அதுபாட்டுக்குப் போகுது. நாடாவுல முட்டித் திரும்பி வந்துச்சு. அப்பதான் எனக்கே தெரியுது. இத்தன வருஷம் எதையெல்லாம் அணைச்சேனோ!"

அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து வெப்பமானியைப் பார்த்தாள்.

குறைந்தபட்சம்: முப்பத்தொன்று.

அதிகபட்சம்: முப்பத்தெட்டு.

சிரிப்பு அப்படியே நின்றது. டயல். வியாழன் இரவு பென்சில் கோட்டைத் தாண்டித் திருப்பிய டயலை அவள் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே இல்லை. இல்லாத குளிருக்காக ஒட்டிய தெர்மாகோலும் சுற்றி இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அப்பாவின் கையைத் திட்டிக்கொண்டிருந்தாளே தவிரத் தன் கை என்ன செய்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நல்லவேளை, உள்ளே இருந்தது ஒரு விளக்குமூடி மட்டும்தான்.

வெப்பமானியில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் முப்பத்தெட்டு போய்விடும். அவள் விரல் அதன்மேல் ஒரு கணம் நின்றது. முதலாளி கன்னத்தை வைத்துப் படுக்கப்போவது இந்த டைல்ஸில்தான் என்று நினைத்ததும் விரலை எடுத்துக்கொண்டாள். வெப்பமானியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவமனையில் சர்க்கஸ் அண்ணன் காற்றோட்டத் துளைகள் போட்ட பெட்டியோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவள் டாக்டரம்மாவின் மேசைமேல் வெப்பமானியை வைத்தாள்.

"மூணு ராத்திரி ஆகல டாக்டர். ஒண்ணுதான். அதுலயும் சூடு அதிகமாயிடுச்சு."

"முப்பத்தெட்டா? இது வளக்கற பெட்டியா, வேகவைக்கற பெட்டியா?"

"மொத அஞ்சு ராத்திரி எங்கப்பா சுவிட்ச அணைச்சிட்டாரு. அது என் தப்பில்ல. பெட்டியில தப்பே இல்ல." சொல்லும்போதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாய் இதற்குமுன் சொன்னதில்லை. "டயலத் திருப்பினது நான். அது என் தப்பு."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அணைக்காம விட்டா பெட்டி சூடு தாங்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. தேவைக்கு மேலயே தாங்குது." எழுந்து போய் முதலாளியின் பின்னங்காலை விரலால் மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். "விரல்ல பழைய தோல் இன்னும் உரியல. புதன்கிழமை வரைக்கும் நான் இதை எங்கயும் அனுப்பறதா இல்ல. உனக்குமில்ல, அவருக்குமில்ல."

"அப்ப நாளைக்கு என் பர்த்டே, டாக்டர்?" என்றார் சர்க்கஸ் அண்ணன்.

"ஆமையக் கொண்டு போங்க."

"ஆமைய ரெண்டு நிமிஷத்துல மறந்துடறாங்க டாக்டர்."

"ஆமைக்கு அதுதான் நல்லது. புதன்கிழமை வாங்க. அதுக்குள்ள இவ மூணு ராத்திரி ஒழுங்காக் காட்டலேன்னா, உங்களுக்குத்தான்."

சர்க்கஸ் அண்ணன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "ஏம்மா, பொறாமையில சொல்லல. அந்தத் தெர்மாகோல் பசை சீக்கிரத்துல விடாது. நானும் ஒட்டியிருக்கேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அன்று மாலை அவள் கத்தியால் ஒரு மூலையைக் கிளப்பப் பார்த்தாள். கையகலத் துண்டு பொடிப்பொடியாக உதிர்ந்து தலைமுடி, புருவம், தேநீர்க் கோப்பை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டதே தவிர, பலகையில் பாதி அப்படியே நின்றது. ஒரே மாலையில் ஒட்டியதைப் பிரிக்க நாலு மாலை ஆகும்போலிருந்தது. அவள் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, டயலை மட்டும் பென்சில் கோட்டுக்குத் திருப்பினாள். கோடு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். நாடாவையும் ஒரு தரம் அழுத்தி விட்டாள். பிறகு நாட்குறிப்பைத் திறந்தாள்.

மார்ச் 15, சனி.
டயலைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. முந்தைய ஐந்து இரவுகள் என்னுடையவை அல்ல. அந்த வரிகளை அடிக்கவில்லை, பக்கத்தில் குறித்திருக்கிறேன்.
நாளை: அப்பாவையும் உட்காரவைத்துப் பெட்டியின் முதுகுப் பக்கத்துத் தெர்மாகோலை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அடைத்த துளைகளைத் திறக்க வேண்டும்.